நான் நிறுத்திவைத்த பதிவு

இன்று காலை நம் வலைப்பூவின் கணக்கைத் திறந்தேன். என் ஒப்புதலுக்குக் காத்திருக்கும் பட்டியலில் உன் பெயர் இன்னும் நிற்கிறது. என் குற்றங்களை நானே எழுதுகிறேன்.

1. சென்ற ஆண்டு ஆடி: தேவனாம்பட்டினத்துக்காக நீ நடத்திய வலைப்பூவில், ‘தரம்’ கருதி, நான் பார்க்காமல் எதுவும் வெளிவரக் கூடாதென்று விதித்தேன்.
2. ஆவணி: செல்வி அத்தையை ஆஸ்பத்திரியில் சேர்த்த பதிவை, “இது செய்தியல்ல” என்று நிறுத்திவைத்தேன்.
3. புரட்டாசி: பழி உன்மேல் விழுந்தபோது, நிறுத்தியது நான்தான் என்று சொல்லாமல் பக்கத்திலேயே நின்றேன்.

சிதம்பரத்தில் ஒரே வகுப்பில் படித்தோம். நான் அங்கேயே பேராசிரியனானேன். நீ ஊர் திரும்பி ஐஸ் கம்பெனியில் சேர்ந்தாய். வேலைக்கிடையே கைப்பேசியில் எழுதுவாய்: “காத்து ஜாஸ்தி. ஒரு போட்டும் எறங்கல. செல்வி அத்தைக்கு ஜொரம் வுட்டுச்சு.”

“இதையெல்லாம் யார்டா படிப்பா?” என்றேன், டீக்கடையில்.

“மஸ்கட்ல இருக்கிற செல்வி அத்த மவன் படிக்கிறான் மச்சான். ஒன் கட்டுரைய ரெண்டு பேரு படிச்சதா காட்டுதே, ரெண்டும் நீதான்.”

அத்தை போனில் மகனிடம் ‘நல்லா இருக்கேன்’ என்றுதான் சொல்வார். வெளிநாட்டில் இருப்பவர்களிடம் நோயை மறைப்பது நம் ஊர் வழக்கம். அதனால் அவன் அம்மாவின் குரலைவிட உன் பதிவை நம்பினான். வலைப்பூவை ஏன் வாசிக்கிறார்கள் என்று மேடையேறி விளக்கிய எனக்கு இது தெரியவில்லை.

பதிவு வராததால் அம்மா நலம் என்று இருந்துவிட்டான். நான்காம் நாள் அத்தை இறந்தார். காரியத்துக்குப் பிறகு தெருவில் உன்னை மறித்தான்.

“ஊர்ல நாய் குட்டி போட்டா எழுதுறியே மச்சான், எங்கம்மாவுக்கு எழுத ஒனக்குக் கை வரலையா?”

நீ என்னைப் பார்க்கவில்லை. “தப்புதாம்பா. வுட்டுட்டேன்” என்றாய்.

அதன் பிறகு நீ ஒரு வரியும் எழுதவில்லை. மார்கழியில் மாரடைப்பு வந்து போய்விட்டாய். நான் சொல்லியிருக்க வேண்டிய ‘தப்பு’ என்ற சொல்லை நீ எடுத்துக்கொண்டாய். சொல்லாமல் விட்ட வாயோடு வகுப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன்.

இம்மடலை நம் வலைப்பூவிலேயே வெளியிடுகிறேன். அத்தை மகன் வாசிக்கட்டும். என்ன கேட்க வேண்டுமோ, என்னைக் கேட்கட்டும். உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அன்று என் பெயரை ஏன் சொல்லவில்லை? நட்பு என்று மழுப்பாதே. மார்கழியில் உன் முதல் திதி; அதற்கு முன், கார்த்திகை முடிவதற்குள் எழுத்தில் பதில் வேண்டும்.