வண்டு முகத்து மண்வெட்டி

இன்று காலை அடையாறு வீட்டில், எரு போட்ட ஈர மண்ணைக் கிளறியபோது ஒரு சாணி வண்டு மேலே வந்தது. உடம்பில் ஒரு பொட்டு சேறு இல்லை. எனக்குப் பகீரென்றது. நீ கண்ணை மூடி மூன்று மாதம் ஆகிறது. உன்னிடம் நேரில் சொல்லத் துணியாததை இப்போது எழுதியாவது தொலைக்கிறேன்.

தொண்ணூறுகளில் ஒரு மழைநாள். ஈக்காட்டுத்தாங்கலில் நாம் இருவரும் சேர்ந்து நடத்திய வெல்டிங் பட்டறைக்கு நீ ஒரு தீப்பெட்டியோடு வந்தாய். உள்ளே, மயிலாப்பூர் மாடவீதிச் சாணியில் பிடித்த வண்டு. லென்ஸை என் கையில் திணித்தாய்.

"மூஞ்சியப் பாத்தியா மச்சி? குட்டிகுட்டியா மேடு கீது. அதான் மண்ணு ஒட்டல. வழவழன்னு இருந்தா அப்பிக்கும்."

"உனக்கு வேற வேலையே இல்லையா?" என்றேன்.

நீ விடவில்லை. ஒரு வாரம் உட்கார்ந்து, அந்த வண்டு மூஞ்சி மாதிரியே மண்வெட்டித் தகட்டில் வெல்டிங்கைப் பொட்டுப் பொட்டாக வைத்தாய். வேலை முடிந்த மறுநாள் தி. நகர் இரும்புக் கடைக்காரர் பார்க்க வருவதாக ஏற்பாடு. அவருக்குப் பிடித்துவிட்டால் இனி இதுதான் நம் தொழில் என்று குதித்தாய்.

வேலை முடிந்த அன்று சாயங்காலம் நீ கிளம்பியதும் அதை எடுத்துப் பார்த்தேன். அம்மைத் தழும்பு விழுந்த முகம் மாதிரி இருந்தது. நம் பட்டறையிலிருந்து இப்படி ஒரு சாமான் வெளியே போவதா? வெல்டிங் பிசிறைத் தேய்த்துத் தேய்த்தே பழகிய கை, கிரைண்டரைப் போட்டுவிட்டது. மேடுகள் பாதிக்கு மேல் போயின. மேலே பச்சைப் பெயிண்ட் அடித்தேன்.

"இன்னாடா, மேடு கம்மியா தெரியுது?" என்று காலையில் கேட்டாய்.

"பெயிண்ட் ஏறிருக்குல்ல, அதான்."

நம்பிவிட்டாயே, பாவி!

பட்டறைக்குப் பின்னால் களிமண்ணில் வெட்டினாய். மண் அப்பிக்கொண்டது. கடைக்காரர் சிரித்தபடி கிளம்பிவிட்டார். நீ குச்சியால் சேற்றை வழித்துக்கொண்டே, "பூச்சி நம்மள ஏமாத்திடுச்சு மச்சி" என்றாய். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்கலாம். டீ சொல்லட்டுமா என்று கேட்டேன். அதற்குப் பிறகு நீ புதிதாக எதையும் செய்துபார்க்கவே இல்லை. கேட் செய்தோம், ஜன்னல் கம்பி செய்தோம், வயதானோம்.

இன்று மதியம் பட்டறைக்குப் போய், ஒரு மண்வெட்டியில் நீ வைத்த மாதிரியே பொட்டு வைத்தேன். கிரைண்டரைத் தொடவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, வண்டு வந்த அதே இடத்தில் வெட்டினேன். ஒட்டித் தொலையேன், ஒட்டித் தொலையேன் என்று மனசு அடித்துக்கொண்டது. ஒட்டியிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

தூக்கி ஒரு தட்டு தட்டினேன். மண் மொத்தமாக விழுந்துவிட்டது.