செவ்வாய்க்கிழமை அறுபது பேர்

அன்புள்ள அப்பா,

அத்தைக்கு இப்போது காய்ச்சல் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நேரில் இதைச் சொல்ல எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன்.

நகரத்துச் சபைகள் சொந்தக் காலில் நிற்க உதவும் நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தபோது ஜெபத்தில் நன்றி சொன்னீர்கள். அங்கே மேலாளராக இருக்கும் ரெஜி அண்ணன் போன ஞாயிறு காலை நம் சபைக்கு வந்து, ஏழு பேர் என்று குறித்துக்கொண்டார். நம் ஆட்கள் ஹோட்டல் வேலைக்காரர்கள். செவ்வாய் மூன்று மணிக்கு, மதியச் சாப்பாட்டு நெரிசல் அடங்கிய பிறகுதான் வருவார்கள்.

ரத்னாபாய் அக்காவுக்குக் கோபம். "ஞாயித்துக்கிழம நான் இங்க வந்தா, ஊருக்கெல்லாம் இட்லி ரெஜியா அவிப்பாரு?" என்றாள்.

செவ்வாய்க்கிழமையும் வந்து பாருங்கள் என்று ரெஜி அண்ணனிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "அது ஜெபக்கூட்டம் அல்லே மோளே? அறுபது பேர் வந்தாலும் ஆராதனைன்னா ஞாயிறுதான், கேட்டோ" என்று தன் மலையாளம் கலந்த தமிழில் சொல்லிச் சிரித்தார். அறுபது என்று நான் சொல்லவே இல்லை, அப்பா.

திங்கட்கிழமை உங்களிடம் கையெழுத்து வாங்க அத்தை வீட்டுக்கே வருகிறார். என்ன அவசரமோ! உதவிக்கான விண்ணப்பம் என்பார். ஆங்கிலத்தில் இருக்கும். உண்மையில் அது நம் சபையைப் பக்கத்து மலையாளச் சபையோடு சேர்க்க நீங்கள் தரும் சம்மதக் கடிதம். அந்தத் தாளில் உபதேசியாரான உங்களுக்கு இடமே இல்லை. தட்டச்சு செய்தவள் நான்தான்.

கையெழுத்துப் போடாதீர்கள். செவ்வாய் மதியத்துக்குள் வந்துவிடுங்கள். ரெஜி அண்ணனைக் கேட்காமல் எங்கள் நிறுவன டைரக்டரையே அன்றைய கூட்டத்துக்கு அழைத்துவிட்டேன். என் வேலை போனால் அம்மாவிடம் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

உங்கள் மகள்