மூன்று மாதத்து உறை

மார்ச் 3, செவ்வாய்

இறுக்க உறைகள் இரண்டும் இன்று கிடைத்தன. என் மனைவி றோஸ்மலரின் வலது கைக்கென அளவெடுத்துத் தைத்தவை. மணிக்கட்டில் தொடங்கி மேற்கையின் நடுப்பகுதி வரை வருகின்றன. தோல் நிறம் என்று பெட்டியில் எழுதியிருக்கிறது. யாருடைய தோல் என்று நான் கேட்கவில்லை.

ஏழு வாரங்களாக இந்தக் குறிப்பேட்டைத் திறக்கவில்லை. ஆகவே நடந்ததை ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். ஜனவரி 17, பங்கு மண்டபத்தில் பொங்கல் ஒன்றுகூடல். ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்த மலரின் கையில் எண்ணெய்ச் சட்டி சரிந்தது. சத்தம் கேட்டு நான் சமையலறைக்குள் ஓடியபோது அங்கே மூன்று பெண்கள், மூன்று வைத்தியங்கள். ஒருத்தி பற்பசையைப் பிதுக்குகிறாள். ஒருத்தி முட்டை உடைக்கிறாள். மூன்றாமவள் மஞ்சள் தேடுகிறாள். தண்ணீர்க் குழாய் இரண்டடி தூரத்தில் இருந்தது. மூவரையும் விலக்கி, மலரின் கையைக் குழாயின் கீழ் இருபது நிமிடம், கடிகாரம் பார்த்துப் பிடித்தேன். அந்த இருபது நிமிடம்தான் பெரும்பகுதித் தோலைக் காப்பாற்றியது என்று வைத்தியர் சொன்னார். மூன்று பெண்களும் தாங்கள் சொன்ன செபம்தான் காப்பாற்றியது என்கிறார்கள்.

புண் ஆற ஐந்து வாரம் எடுத்தது. மூன்று வாரத்துக்கு மேல் எடுத்த புண் தடித்த தழும்பாகும். எங்களைப் போன்ற தோலில் இன்னும் தடிக்கும். தழும்பு முழங்கை மடிப்பில் இருப்பதால் தடித்துச் சுருங்கினால் கை மடிந்தபடியே நின்றுவிடும். பின்பு கத்திதான் வழி. இவ்வளவையும் தெளிவாகச் சொன்ன தெரபிஸ்டுக்கு வயது இருபத்தாறுக்கு மேல் இராது.

விதிகள்: தழும்பை அழுத்தித் தட்டையாக வைக்கும் உறை நாளொன்றுக்கு இருபத்துமூன்று மணி நேரம். ஒன்று கையில், மற்றது துவைப்பில். மணமற்ற களிம்பு பூசி, தழும்பை நாளுக்கு மூன்று தடவை, தடவைக்குப் பத்து நிமிடம் அழுத்தித் தேய்த்தல். வெயில் படக்கூடாது. இரவில் கையை நீட்டிவைக்கும் பலகை. எல்லாவற்றுக்கும் கட்டம் கீறி ஓர் அட்டவணை தயாரித்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டிவிட்டேன்.

மலர் அதைக் "கை மேசு" என்கிறாள். காலுக்குப் போடுவதுதான் மேசு என்று திருத்தினேன்.

மார்ச் 15, ஞாயிறு

பூசைக்குப் பின் பங்குச் சனம் மலரை வருத்தம் பார்க்க வந்தார்கள். வருத்தம் பார்க்க வருவோர் கேக் கொண்டுவந்து, தாங்களே பாதியைத் தின்றுவிட்டுப் போகும் வழக்கத்தை இங்கும் கைவிடவில்லை. ஒருவர் லூர்துத் தண்ணீர் தந்தார். நான் விசுவாசி. ஆனால் மாதாவே அன்று அந்தச் சமையலறையில் நின்றிருந்தால் முதலில் குழாயைத்தான் திறந்திருப்பார். பங்கில் பாட்டுக்குழு நடத்தும் அம்மையார் ஹவுன்ஸ்லோ கடைத்தெருவில் வாங்கிய களிம்பொன்றைக் கொடுத்து, "பூசிப் பாரும் மலர், கறுப்பெல்லாம் போய் முகமும் வெளிக்கும்" என்றார். குப்பியில் உள்ளடக்கம் எதுவென்று ஒரு வரியும் இல்லை. அவர் கண்முன்னாலேயே குப்பைக்கூடையில் போட்டேன். மலர் தலையைக் குனிந்துகொண்டாள். ஏன் குனிய வேண்டும்?

மாலையில் அவளுடைய தம்பி எட்வேட் வந்தான். பதினான்கு வருடம் ஒல்லாந்தில் இருந்துவிட்டு இங்கே வந்து, வார இறுதிச் சந்தையில் உள்ளாடையும் மேசும் கூவி விற்கிறான். நாற்பத்தொரு வயது. அட்டவணையைப் பார்த்துவிட்டு, "என்னத்தான், அக்காவுக்கு மணியும் அடிக்கிறியளோ?" என்று கேட்டுத் தானே சிரித்தான். மலரும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

பழைய கேத்திரகணிதப் பெட்டியிலிருந்த பாகைமானியால் அளந்தேன். கை முற்றாக நீள்வதற்கு மார்ச் தொடக்கத்தில் 10 பாகை குறைவு. இன்று 6.

விதிகளைப் பின்பற்றினால் உடல் கீழ்ப்படியும். இதை விளங்கிக்கொள்ள ஏன் இத்தனை பேருக்கு முடியவில்லை?

ஏப்ரல் 22, புதன்

அலுவலகத்தில் இன்று முப்பத்தொரு முறையீடுகள். வாகனத் தரிப்புத் தண்டத்துக்கு எதிராகக் கவுன்சிலுக்கு எழுதுவோர் அனைவருக்கும் ஒரே வாக்கியம்தான்: "பலகையைப் பார்த்தேன், ஆனால் அது எனக்குப் பொருந்தும் என்று நினைக்கவில்லை." இருபத்தொன்பதை நிராகரித்தேன்.

மே 18, திங்கள்

ஊரில் போர் முடிந்த நினைவுநாள். செய்தி பார்த்தோம். இன்றைய கட்டங்கள் வெறுமை.

மே 31, ஞாயிறு

மார்ச்சில் உறையை ஏற்றக் கால் மணி நேரம் பிடித்தது, இருவருக்கும் வியர்க்கும். இன்று நான்கு நிமிடம். பயிற்சியின் பயன். தையல் ஒன்றும் பிரியவில்லை, ஒரு நூலும் எழும்பவில்லை. என் கையாலேயே இளஞ்சூட்டு நீரில் கழுவி, துவாயில் உருட்டி, நிழலில் உலர்த்துகிறேன். ஆஸ்பத்திரியில் கண்ட வேறு நோயாளிகளின் உறைகளோ குழம்புக் கறையும் கிழிசலுமாக இருந்தன. இனாமாகக் கிடைப்பதை எப்படி வைத்திருப்பார்கள்?

ஜூன் 16, செவ்வாய்

தெரபிஸ்ட் அளந்தாள்: 5 பாகை. "மிக நன்று" என்றாள். புதிய உறைகளுக்கு அளவெடுத்து, தபாலில் வரும், வந்தவுடன் மாற்றிவிடுங்கள் என்றாள். அடுத்த தவணை செப்டெம்பர் 22. பழைய உறைகள் புதிது போல் இருப்பதை எடுத்துக் காட்டினேன். அவற்றைப் பாராமலே தலையாட்டினாள். இந்தத் தலைமுறைக்குப் பொருளின் அருமை தெரியாது.

ஜூலை 4, சனி

புதிய உறைகள் வந்தன. அளவு சரிபார்த்து, பொலித்தீன் பையைப் பிரிக்காமல், அலுமாரியில் என் புதுச் சேர்ட்டுகளின் மேல் வைத்தேன்.

மலர் பார்த்துக்கொண்டு நின்றாள். "புதுசைப் போடுவமேப்பா?"

"பழசுக்கு என்ன? கிழிஞ்சு போச்சோ?"

"கிழியேல்லை. ஆனா முந்தி மாதிரி இல்லை. தொளதொளவெண்டு கிடக்கு."

அது உறை தளர்ந்ததால் அல்ல, தழும்பு வற்றிக் கை மெலிந்ததால் என்று விளக்கினேன். காரணத்தையும் விளைவையும் மாற்றிப் பிடிப்பது அவளுடைய பழைய வழக்கம். "நீங்கள் சொன்னாச் சரி" என்று போய்விட்டாள்.

ஜூலை 26, ஞாயிறு

9 பாகை. பாகைமானியை இருமுறை வைத்துப் பார்த்தேன். 9தான்.

ஆகஸ்ட் 9, ஞாயிறு

14. மடிப்பின் குறுக்கே தழும்பு கயிறு போல எழும்பியிருக்கிறது. நிறம் சிவந்து, தொட்டால் கடினம். இரவெல்லாம் அரிக்கிறது என்கிறாள்.

அட்டவணையில் எல்லாக் கட்டங்களும் நிரம்பியுள்ளன. நான் வீட்டில் இருக்கும் நேரத்துக்கு நானே சாட்சி. எஞ்சுவது அவள் வேலையிலிருக்கும் எட்டு மணி நேரம். விமானச் சாப்பாடு பொதிசெய்யும் அந்தக் கூடத்தில் உறையைக் கழற்றி வைக்கிறாள். வேறு விளக்கம் இல்லை.

ஆகஸ்ட் 13, வியாழன்

அரைநாள் விடுப்பு எடுத்து, ஷிப்ட் முடியும் நேரத்தில் அவளுடைய பேருந்துத் தரிப்பிடத்தில் நின்றேன். என்னைக் கண்டதும் யாரோ செத்துப்போனார்களோ என்று பதறி ஓடிவந்தாள். நான் அவளுடைய சட்டைக் கையை மேலே உயர்த்திப் பார்த்தேன். உறை இருந்தது.

"வேலை முடிஞ்சு வெளிக்கிடேக்கை போட்டிருப்பீர்" என்றேன்.

கூட வேலைசெய்யும் பெண்கள் நால்வர் நின்றார்கள். அவள் சட்டைக் கையை இழுத்துவிட்டு, பேருந்தில் ஏறி, மேல்தட்டுக்குப் போனாள். நான் கீழேயே இருந்து வந்தேன்.

ஆகஸ்ட் 30, ஞாயிறு

19. இப்போது வேலையில் சாப்பாட்டுத் தட்டுகளை மேலடுக்கில் வைக்க அவளுக்கு ஏலாது. லேபிள் ஒட்டும் மேசைக்கு மாற்றியிருக்கிறார்கள். விதியை மீறுவோர் அதன் பலனை அனுபவிக்க வேண்டும் என்று சொன்னேன். தேய்க்கும்போது முன்பு "மெல்லமாப்பா" என்பாள். இப்போது அதுவும் சொல்வதில்லை.

செப்டெம்பர் 20, ஞாயிறு

எட்வேட் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தான். கை கழுவிக்கொண்டு நின்றவன் கொடியில் உலர்ந்த உறையை எடுத்தான். அனுமதி கேட்கும் பழக்கம் அவனிடம் எப்போதும் இருந்ததில்லை. இரண்டு பெருவிரலையும் உள்ளே விட்டு விரித்தான், விட்டான். மறுபடி விரித்தான், விட்டான்.

"அத்தான், இது எத்தினை மாதம்?"

"நீ சாப்பிடு."

"இல்லை, கேக்கிறன். இது செத்துப்போச்சு. இஞ்சை பாருங்கோ, விட்டாத் திரும்பி வருகுதில்லை. துணி நல்லாத்தான் கிடக்கு, உள்ளுக்கை இலாஸ்ரிக் செத்திட்டுது. நான் பத்து வருசமா விக்கிறது இதைத்தானே. இப்பிடி ஒரு சோடி மேசு வித்தனெண்டாச் சனம் திருப்பிக் கொண்டுவந்து என்ரை மூஞ்சையில எறியும்."

மருத்துவ உறையும் சந்தை மேசும் ஒன்றல்ல என்றேன்.

"இலாஸ்ரிக் இலாஸ்ரிக்தான் அத்தான். நோகாமப் போடக்கூடியதா இருந்தா அது வேலை செய்யேல்லை எண்டு அர்த்தம். புதுசு தரேல்லையோ அவங்கள்?"

மலர் எழும்பிப் போனாள். அலுமாரி திறக்கும் சத்தம் கேட்டது. பொலித்தீன் பையோடு வந்து, சோற்றுக் கோப்பைகளுக்கு நடுவில் அதை வைத்தாள். எட்வேட் பையில் ஒட்டியிருந்த திகதியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவன் ஏதாவது பகிடி விட்டிருக்கலாம். விடவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான்.

புதியதை ஏற்ற இருபது நிமிடம். அவளுக்கு வியர்த்தது. எனக்கும்.

செப்டெம்பர் 22, செவ்வாய்

26 பாகை. என் கணக்கில் 23. தெரபிஸ்டின் கருவி என்னுடையதை விடச் சரியானது.

தெரபிஸ்ட் பழைய உறையை எடுத்து ஒரு விரலால் இழுத்தாள். எட்வேட் செய்ததையே செய்தாள். அவளுக்குப் பட்டம் உண்டு, அவ்வளவே வேறுபாடு. புதியவை எப்போது தொடங்கினீர்கள் என்று மலரிடம் கேட்டாள். மலர் ஆங்கிலத்தில் மெதுவாக, ஆனால் பிழையில்லாமல் சொன்னாள்: "இவரைக் கேளுங்கள். கணக்கு இவரிடம்தான் இருக்கிறது."

ஞாயிற்றுக்கிழமை என்றேன்.

இந்தச் செப்டெம்பரிலா என்று கேட்டாள். ஆம் என்றேன். எழுதிக்கொண்டாள். கண்டித்திருந்தால் மறுமொழி சொல்லியிருப்பேன். கண்டிக்கவில்லை.

செப்டெம்பர் 23, புதன்

மார்ச்சில் உறையோடு வந்த வழிகாட்டிப் பிரசுரத்தை எடுத்தேன். நான் வாசிக்கவில்லை என்று சொல்லத்தான் எடுத்தேனா? மூன்றாம் பக்கம், ஏழாவது வரி: உறையின் இறுக்கம் ஏறத்தாழ மூன்று மாதத்தில் குறைந்துவிடும், பார்வைக்கு நன்றாக இருந்தாலும் மாற்றுக. அந்த வரியின் கீழ் கோடு. என்னுடைய கோடு, அடிமட்டம் வைத்துக் கீறியது. ஓரத்தில் என் எழுத்து: "கவனமற்றோர்க்கு."

வாசித்தேன். கோடும் போட்டேன். எனக்குப் பொருந்தாது என்று முடிவும் செய்தேன். இந்த வாக்கியத்தை எழுதி அனுப்புவோரைப் பன்னிரண்டு வருடமாக நிராகரித்துவருகிறேன் — காரணம் போதாது என்று, கையெழுத்திட்டு. என்ன மனிசன் நான்? பஸ் ஸ்ரொப்பில நாலு பெண்டுகளுக்கு முன்னால அவளின்ரை கையைத் தூக்கிப் பாத்தனே. அவள் சொன்னவள்தானே, தொளதொளவெண்டு கிடக்கு எண்டு. ஜூலையிலேயே சொன்னவள்.

பற்பசைக்காரி அன்று சமையலறையில் உதவத்தான் வந்தாள். சொன்னதும் விலகி நின்றாள். நானோ விலகவும் இல்லை.

செப்டெம்பர் 24, வியாழன்

மன்னிப்புக் கேட்டேன். நேற்று எழுதி வைத்த வசனங்களைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டேன். அவள் பருப்புக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சரி. அதை வைச்சிட்டுப் போய் மேலைக் கழுவுங்கோ. குளிக்கிற தண்ணி ஆறப்போகுது."

இதற்கு என்ன பொருள்?

ஒக்டோபர் 11, ஞாயிறு

அட்டவணையைக் கழற்றி நான்காக மடித்து என் மேசையில் வைத்திருந்தாள். களிம்பை எடுத்துக்கொண்டு மற்ற அறைக்குப் போனாள். நான் எழும்பினேன். "வேண்டாம். இனி நானே செய்யிறன்" என்றாள். ஒரு கையால் மறு கையைத் தேய்ப்பது போதிய அழுத்தம் தராது. சொல்லவில்லை.

நவம்பர் 10, செவ்வாய்

அரிப்புக் குறைந்திருக்கிறதாம். எட்வேட் மலரிடம் தொலைபேசியில் கேட்டு என்னிடம் சொன்னான். என் வீட்டில் நடப்பதை மேசு விற்பவன் எனக்கு அறிவிக்கிறான். அறிவித்ததற்கு நன்றி என்றேன். அவன் பயந்துபோய், "அத்தான், சுகமில்லையோ?" என்றான்.

நவம்பர் 24, செவ்வாய்

சத்திரசிகிச்சை நிபுணர் பார்த்தார். தழும்பின் மற்றப் பகுதிகள் தட்டையாகின்றன; புதிய உறை தன் வேலையைச் செய்கிறது. மடிப்பிலுள்ள கயிறு மட்டும் இனி தானாக இளகாது. 21 பாகைக்குக் கீழே இறங்கவில்லை. அதை வெட்டி விடுவித்து, தொடையிலிருந்து தோல் எடுத்து வைப்பார்கள். ஜனவரி 19. தொடையிலும் ஒரு தழும்பு வரும் என்று அவர் சாதாரணமாகச் சொன்னார்.

மலர் கேட்ட ஒரே கேள்வி: அதன்பின் தட்டுத் தூக்க ஏலுமா? பெரும்பாலும் ஏலும் என்றார்.

வீடு திரும்பும் பேருந்தில் அவள் கீழ்த்தட்டிலேயே இருந்தாள். அருகில் இடமும் இருந்தது. இருந்தேன்.

டிசெம்பர் 8, செவ்வாய்

இன்று மாதாவின் அமல உற்பவத் திருநாள். மாலைப் பூசைக்குப் புறப்படும் நேரம். இரண்டாம் தவணைப் புதிய உறை நேற்றுத் தபாலில் வந்தது; பையை அவளே பல்லால் கிழித்தாள். ஒரு கையாலும் பல்லாலும் முழங்கை வரை ஏற்றிவிட்டாள். அதற்கு மேல் போகவில்லை. கதவருகே மேலங்கியுடன் நான் நின்றேன்.

"இஞ்சை வாங்கோ. இந்த நுனியைப் பிடியுங்கோ."

பிடித்தேன். ஏற்றிவிட முனைந்தேன்.

"இழுக்காதேங்கோப்பா. சும்மா பிடிச்சுக்கொண்டு நில்லுங்கோ. நான் கையை உள்ளுக்கை விடுறன்."

நின்றேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, விரல் விரலாகக் கையை உள்ளே தள்ளினாள். நீண்ட நேரம் பிடித்தது. எவ்வளவு என்று நான் பார்க்கவில்லை. பூசைக்குப் பிந்திப் போனோம்.