கைப்பிடி இல்லாத ஏணி

1937 பிப்ரவரி 7, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் வீட்டுக்குக்கூட வராமல் அவர் மலைக்குப் போய்விட்டார். தை தொடங்கி மழை வரும்வரை இப்படித்தான். காட்டுத்தீ பார்க்கும் காவல். மலை உச்சியில் மரத்தால் ஒரு கோபுரம், அதன்மேல் என் கணவர் ராஜையன். கீழே வித்துராவில் நான். வீட்டுக்கு வந்தாலும் பேச்செல்லாம் அந்தக் கோபுரத்தைப் பற்றியே. தேக்குக் காலாம், காற்றடித்தால் முனகுமாம். என்னைப் பற்றி யாரிடமாவது இப்படிச் சொல்லியிருப்பாரா?

பிப்ரவரி 16

மீன்குழம்பும் சோறும் சுமந்துகொண்டு மலையேறினேன். ஒரு தடவை அங்கே மேலே நின்று பார்த்துவிட்டால் ஆத்திரம் அடங்கும் என்று நினைப்பு. அவர் இறங்கி வரவில்லை. கயிற்றில் கூடையை இறக்கினார்.

"நீ ஏறாண்டாம். ஏணிக்குக் கைப்பிடி இல்ல. சோத்தக் கூடையில வை."

வைத்தேன். என் மீன்குழம்பு மேலே போயிற்று. நான் கீழே நின்றேன்.

மார்ச் 2

எஸ்டேட் துரைசானி கோபுரத்தில் ஏறினாளாம். இவரோடு காவலுக்கு இருக்கும் திரவியம் அண்ணன் சந்தையில் சொன்னார். ஒவ்வொரு படியிலும் இவர்தான் கைகொடுத்தாராம். அவளுக்கு மட்டும் கைப்பிடி எங்கிருந்து வந்தது? துரைசானியாவது இறங்கிப் போய்விட்டாள் — அந்த மரக்கோபுரம் அங்கேயே நிற்கிறதே.

மார்ச் 7, ஞாயிறு

கேட்டே விட்டேன். துரை சொன்னால் நான் என்ன செய்ய என்றார். வேண்டுமென்றே குழம்பில் உப்பை அள்ளிப் போட்டேன். இன்னொரு கரண்டி ஊற்றிச் சாப்பிட்டார். அதுவும் எரிச்சல்.

ஜூன் 19

கோபுரம் விழுந்துவிட்டது. மழைக்காற்றில், அடியோடு. மேலே ஆள் இல்லை. ஸ்தோத்திரம். எதற்கு ஸ்தோத்திரம்? ஆள் தப்பியதற்கா, அது விழுந்ததற்கா? இரண்டுக்கும்தான். இதில் ஒளிக்க என்ன இருக்கு?

ஆகஸ்ட் 11

இப்போது தினமும் வீட்டில் இருக்கிறார். நான் கேட்டது இதைத்தானே. பலாமரத்தில் ஏறி மலையையே பார்க்கிறார். நான் கூப்பிட்டால் இரண்டாம் தடவைதான் காதில் விழுகிறது. அந்தக் கோபுரம், விழுந்து செத்தும் விடமாட்டேங்கிறாளே, பாவி.

செப்டம்பர் 24

கோபுரத்தைத் திரும்பக் கட்ட வேண்டுமா, எப்படிக் கட்ட வேண்டும் என்று காட்டிலாகா ரேஞ்ச் ஆபீசிலிருந்து எழுதிக் கேட்டிருக்கிறார்கள். அவருக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். ஆபீஸ் பாஷை மலையாளம்; அதில் பதில் எழுத நான்தான். வேண்டாம் என்று எழுதினால் அவருக்குத் தெரியவா போகிறது? பேனாவைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். அவர் எதிரே உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து இந்தக் கையை அவர் அப்படிப் பார்த்ததில்லை.

வேண்டும் என்றே எழுதினேன். அவர் சொல்லாத ஒன்றையும் சேர்த்தேன்: ஏணிக்கு இரண்டு பக்கமும் கைப்பிடி.

1938 ஜனவரி 22

கைப்பிடியைப் பிடித்துப் புதுக் கோபுரத்தில் ஏறினேன். கீழே நின்று அவர் கூடையைக் கட்டினார். மேலிருந்து நான் இழுத்தேன்.

"லீலா, நானும் ஏறட்டா?" என்றார்.

கொஞ்ச நேரம் கீழேயே நிற்கவைத்தேன்.