பைக்குள் இருந்த கை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசியிருக்கலாம். ஆனால் நான் கூப்பிட்டால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய். மாப்பிள்ளை பக்கத்திலிருந்து “என்ன மாமா, ஸ்டார் கை எப்படி இருக்கு?” என்று சிரிப்பார். வாய் வரை வந்த பேச்சு உள்ளே போய்விடும். அதனால்தான் கடிதம்.

மழையில் சமையலறைச் சுவர் ஓதம் ஏறிக் கிடக்கிறது. வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை.

நீங்கள் இருவரும் காய்ச்சி விற்கும் மஞ்சள் எண்ணெயை நான் குறை சொல்லவில்லை. இரண்டு கைகளிலும் கரப்பான் புண் வந்தபோது, ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த புத்தி, ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. இடது கைக்கு எண்ணெய் மட்டும், வலது கைக்குக் களிம்பு மட்டும் என்று வைத்துக்கொண்டேன். எண்ணெயால் இடது கையில் வறட்சி குறைந்தது, அரிப்பும் கொஞ்சம் அடங்கியது. அது உண்மை. வெடிப்பு மட்டும் மூடவில்லை. வலது கை முழுதாக ஆறிவிட்டது. அந்தக் களிம்பு, டாக்டர் உன் கைக்கு எழுதிக் கொடுத்தது. எண்ணெய்ப் புட்டிகளுக்கு நடுவே பழைய துணியில் சுற்றி, மாப்பிள்ளைக்குத் தெரியாமல் நீதான் அனுப்பினாய்.

அவர் வந்திருந்தபோது, “மாமா, அந்தக் கை வேணாம், இதைக் காட்டுங்க” என்று வலது கையைப் படம் எடுத்தார். எதனால் ஆறியது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா என்பதும் சந்தேகம்தான். விளம்பரமாக இணையத்தில் போட்ட அந்தப் படத்துக்குக் கீழே, ‘என் அப்பாவின் கை. எங்கள் எண்ணெய் மட்டுமே’ என்று எழுதியது நீ.

கீழ்வீட்டுத் தையல்காரம்மா, மச்சத்தை வைத்து அது என் கை என்று கண்டுபிடித்தாள். அவளுக்கும் விரல்களில் இதே தொல்லை. “முன்னப்பின்ன தெரியாதவங்க கைன்னா நம்பியிருக்க மாட்டேன் சார். உங்க கையாச்சே” என்றாள். டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டு உங்கள் எண்ணெயைத் தடவ ஆரம்பித்தாள். இப்போது விரல்கள் சீழ் பிடித்திருக்கின்றன. தைத்துக் கொடுத்த பள்ளிச் சீருடைகள், மஞ்சளும் ரத்தமும் பட்டுத் திரும்பி வந்துவிட்டன. அதன்பிறகு நான் படி இறங்கும்போதெல்லாம் இடது கையைத் துணிப்பைக்குள் விட்டுக்கொண்டேன்.

நேற்று அவள் வழிமறித்து, “நீங்க எப்படித் தடவுனீங்க சார்? நான்தான் தப்பா தடவுறேனோ?” என்று கேட்டாள். என்னைச் சந்தேகப்பட்டிருந்தால் பேசாமல் போயிருப்பேன். அவள் தன்னையே சந்தேகப்பட்டாள். அது என் வழக்கம். அவளிடம் அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இடது கையை எடுத்துத் தையல் மெஷின் பலகையில் வைத்தேன். களிம்பைப் பற்றியும் சொன்னேன். யார் அனுப்பியது என்று சொல்லவில்லை.

“இத்தனை நாளா இந்தக் கை எங்க சார் இருந்துச்சு?” என்றாள்.

பைக்குள் இருந்தது என்றேன். அவள் சிரிக்கவில்லை. இரண்டு கைகளையும் சேர்த்துத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டாள். “உங்க மாப்பிள்ளை படத்துக்குக் கீழயே இதைப் போடுறேன். நாலு பேர் பாக்கட்டும்” என்றாள். உனக்கு எழுதும்வரை பொறுக்கச் சொன்னேன். “பொண்ணு தானா அந்தப் படத்தை நீக்கிட்டா நான் போடல. உங்களுக்காக இல்ல, அவளுக்காக” என்று சொல்லிவிட்டு டாக்டரைப் பார்க்கப் போனாள்.

அம்மா, அந்தப் படத்தை நீக்கிவிடு. மாப்பிள்ளை கோபித்தால், அப்பா பிடிவாதம் பிடித்தார் என்று சொல். நான் எதற்கும் பிடிவாதம் பிடித்ததில்லை என்பது அவருக்குத் தெரியும், நம்பமாட்டார். வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

தாளின் ஓரத்தில் மஞ்சள் கறை இருக்கும். இடது கையால் பிடித்துக்கொண்டு எழுதினேன்.

அடுத்த பார்சலில் எனக்குக் களிம்பு வைக்க வேண்டாம். நீ வைத்துக்கொள். அதை அவர் கண்ணெதிரிலேயே எடுத்துத் தடவிக்கொள்ளும்படி நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா