மாமாவின் வண்டிக்கு எவ்வளவு காற்று

மார்ச் 9

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கு எல்லோரும் நலம். நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, தூங்கி, சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். சாப்பாட்டு விஷயத்தை உன் அக்கா எழுதச் சொன்னாள், தூக்கம் நானாகச் சேர்த்தது.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். உன் மலையடிவாரத்துக்குப் பேசினால் பாதி வார்த்தை வழியிலேயே காணாமல் போகிறது. மீதிப் பாதியை உன் அக்கா பக்கத்தில் நின்று கேட்டு, நடுநடுவே என்னைத் திருத்துகிறாள். இது அவள் திருத்த வேண்டிய விஷயம் இல்லை.

போன வாரம் ஆசிரியர் அறையில் கோடை விடுமுறைப் பேச்சு வந்தது. எங்கள் நூலகர் மலை சைக்கிளில் போக வேண்டும் என்று பல வருஷமாக ஆசைப்படுகிறாராம். கணக்கு வாத்தியார், "அதெல்லாம் வயசுப் பிள்ளைங்க சமாச்சாரம்"னு சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. "என் மச்சான் மலை சைக்கிள் வாடகைக்கு விடுற கடையிலதான் வேலை பார்க்கிறான், நான் கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டேன். ஆக, மே மாதம் மூன்று பேர் வருகிறோம்.

எந்த வண்டி, எந்தத் தடம் என்று நீதான் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன். பேட்டரி வண்டி எனக்கு வேண்டாம். விளையாட்டு வாத்தியார் மோட்டார் வைத்த சைக்கிளில் ஏறினார் என்று தெரிந்தால் பள்ளியில் என் விசிலுக்கு எந்தப் பிள்ளை திரும்பிப் பார்க்கும்? அங்கே கறுப்புத் தடம் என்று ஒன்று இருக்கிறதாமே, அதுதான் கடினமாம். எனக்கு அதையே வைத்துக்கொள்.

அன்புடன்,
மாமா


மார்ச் 20

அன்பும் மரியாதையும் கலந்த மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்தே படித்துச் சிரித்தேன். முதலாளி என்னடா என்று கேட்டார். எங்க மாமா வருகிறார், ஓட்டப் பந்தயத்தில் கோப்பை வாங்கியவர் என்று பெருமையாகச் சொன்னேன்.

எனக்கும் ஒரு நல்ல செய்தி இருக்கிறது. இரண்டு கோடையாக வண்டி கழுவிக்கொண்டிருந்தவனை இந்த மாதம் மேஜைக்கு மாற்றிவிட்டார்கள். வண்டியை ஆளுக்குத் தகுந்தபடி தயார் செய்கிற வேலை. பிரேக், சீட், குலுக்கலைத் தாங்குகிற ஷாக் எல்லாம் என் பொறுப்பு. கடைக் கதவை ஒட்டி மேஜை, அதன் மேல் ஆணியில் காற்றடிக்கிற பம்பு. அதை எடுக்க இப்போது யாரையும் கேட்க வேண்டாம். அக்காவிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

வண்டிக்கு வருகிறேன். முன்னால் மட்டும் ஷாக் இருக்கிற வண்டி ஏறுவதற்கு லேசு, இறங்கும்போது இடுப்பைப் பதம் பார்த்துவிடும். உங்கள் மூன்று பேருக்கும் முன்னும் பின்னும் ஷாக் உள்ளதையே எடுத்து வைக்கிறேன். வண்டிகளோடு உங்களையும் வேனில் மேலே கொண்டுபோய் விட்டுவிடுவார்கள், அங்கிருந்து இறக்கம்தான். பச்சைத் தடம் ஓடையை ஒட்டிப் போகும், குழந்தைகள்கூடப் போவார்கள். நீலத்தில் வளைவுகளும் வேர்களும் நாலைந்து பாறைப் படிகளும் உண்டு. கறுப்பில் நானே இரண்டு தடவை விழுந்திருக்கிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள் மாமா, நீலமே போதும்.

மூன்று பேரின் உயரமும் எடையும் எழுதுங்கள். உயரம் சீட்டுக்கு. எடை ஷாக்கில் பிடிக்கிற காற்றுக்கு. ஆள் எடைக்குக் காற்று குறைவாக இருந்தால் பள்ளத்தில் இறங்கும்போது ஷாக் அடிவரை அமுங்கி முட்டிவிடும், ஆளைத் தூக்கி எறியும். அதனால் சரியான எடை வேண்டும்.

உங்கள் மாப்பிள்ளை


ஏப்ரல் 6

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நீ மேஜைக்குப் போனதைச் சொன்னதும் உன் அக்கா தெருமுழுக்கச் சொல்லிவிட்டாள். எதிர்வீட்டுக்காரர் நீ புதிதாகக் கடையே வைத்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் திருத்தவில்லை.

நூலகர் ஐந்தடி மூன்று, ஐம்பத்தெட்டு கிலோ. கணக்கு வாத்தியார் ஐந்தடி ஏழு, அறுபத்தொன்பது. மனிதர் ஷூவோடு மெஷினில் ஏறிவிட்டு, ஷூ எடையைக் கழித்து, அதையும் இரண்டு தடவை சரிபார்த்தார். எடை பார்த்தது பள்ளி மருத்துவ அறையில். அன்று எனக்கு மைதானத்தில் வேலை இருந்ததால் போக முடியவில்லை. எனக்கென்ன, ஐந்தடி ஒன்பது, கல்யாணத்தின்போது இருந்த அதே எழுபத்தெட்டுதான். அப்படியே போட்டுக்கொள்.

நீலத் தடம் என்று சொல்லிவிட்டாய், உன் பேச்சைத் தட்டவில்லை. சீட் மட்டும் கொஞ்சம் அகலமாக இருக்கட்டும்.

மாமா


ஏப்ரல் 19

அன்புள்ள மாமாவுக்கு,

மூன்று வண்டியும் தயார். உங்களுக்குக் கறுப்பு நிறத்தில் பெரிய பிரேம் உள்ள வண்டி, அகலமான சீட்டோடு. முதலாளியே வந்து பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அவர் தலையாட்டுவது மழை பெய்கிற மாதிரி, எப்போதாவதுதான்.

நீங்கள் எழுதிய எடைக்குத்தான் காற்று பிடித்திருக்கிறேன். வந்ததும் ஒருமுறை ஏறி உட்காருங்கள், பார்த்துவிடுகிறேன். உங்கள் கல்யாணத்துக்கு அப்புறம் எனக்கே ஆறு கிலோ ஏறியிருக்கிறது, அதுவும் கல்யாணம் ஆனது எனக்கு இல்லை. ஏதாவது மாறியிருந்தால் எனக்கு மட்டும் ஒரு வரி எழுதுங்கள், வேறு யாருக்கும் தெரியப்போவதில்லை.

உங்கள் வரவை எதிர்பார்க்கும்,
மாப்பிள்ளை


மே 24

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

அன்று வண்டியிலிருந்து விழுந்ததில் வலது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருப்பதால் நான் சொல்லச் சொல்ல உன் அக்கா எழுதுகிறாள். எலும்பு சரியாகத்தான் சேர்கிறது என்று மருத்துவர் சொன்னார். ஆறு வாரம் ஆகுமாம். நூலகரும் கணக்கு வாத்தியாரும் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்கள் இரண்டு பேரும் நன்றாகவே ஓட்டினார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

வண்டியில் ஏதோ கோளாறு என்று கணக்கு வாத்தியார் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் எதுவும் சொல்லவில்லை. அந்தப் பாறைப் படியும் எதிர்பார்த்ததைவிட உயரம்தான். நடந்தது நடந்துவிட்டது, நீ மனதில் எதையும் வைத்துக்கொள்ளாதே. உன் முதலாளி கோபக்காரர் போலிருக்கிறது. இரண்டு நாளில் எல்லாம் சரியாகியிருக்கும்.

மாமா

தம்பி, இது நான் எழுதுவது. அவருக்கு உன்மேல் கோபமே இல்லை, நல்ல மனுஷர். ஆனால் எனக்கு ஆறவில்லை. சொந்த மாமா ஏறுகிற வண்டியில்கூடவா இப்படிக் கவனமில்லாமல் இருப்பாய்? கையோடு போயிற்று. தலையில் பட்டிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பார். மேஜைக்கு மாற்றிவிட்டார்கள் என்று ஊரெல்லாம் சொன்னேனே, எனக்கு வெட்கமாக இருக்கிறது.
அக்கா


ஜூன் 2

மதிப்பிற்குரிய மாமாவுக்கு,

கை தேறிவருவதில் மகிழ்ச்சி.

முன் ஷாக்கில் காற்று போதாமல் இருந்ததுதான் விழுந்ததற்குக் காரணம். வண்டியைத் தயார் செய்தது நான். தப்பு என்னுடையது. மேஜையில் இப்போது வேறு ஆள் இருக்கிறார். நான் மறுபடியும் வண்டி கழுவுகிறேன். கோடைக் கூட்டம் குறையவில்லை, சாயங்காலத்துக்குள் கை ஊறிவிடுகிறது, அதனால் நீளமாக எழுத முடியவில்லை.

அக்காவிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்


ஜூன் 11

மாப்பிள்ளை,

உன் கடிதத்தை உன் அக்கா சத்தமாகப் படித்தாள். மன்னிப்பு என்ற இடத்தில், "இப்பவாவது புரிஞ்சுதே"ன்னு சொல்லிவிட்டு மடித்து வைத்தாள். அன்று என்னால் சாப்பிட முடியவில்லை. மூன்று நாள் இடது கையால் எழுதிப் பார்த்தேன். ஒன்றாம் வகுப்புப் பிள்ளை கிறுக்கியது போல இருந்தது. கிறுக்கல் என்றால்கூட அனுப்பியிருப்பேன். ஆனால் அவளுக்குத் தெரியாமல் உனக்கு மட்டும் எழுதப் பார்க்கிறேன் என்று எனக்கே உறைத்தது. அதனால் இன்று அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொல்கிறேன். அவள்தான் எழுதுகிறாள்.

நான் உனக்கு எழுதிய எழுபத்தெட்டு பொய். கட்டுப் போடும் முன் மயக்க மருந்துக்காக எடை பார்த்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டு மெஷினில் ஏறினேன். நர்ஸ் வரிசையில் நின்ற எல்லோருக்கும் கேட்கும்படி படித்தார். நூற்று மூன்று.

(இதை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டு எழுதினேன். - அக்கா)

மைதானத்தில் தினமும் பிள்ளைகளைக் குனிந்து கால் கட்டைவிரலைத் தொடச் சொல்கிறேன். என் கட்டைவிரலை நான் நின்றபடி பார்த்தே எத்தனையோ வருஷம் ஆகிறது. நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் விசில் ஊதுகிறேன், முட்டி வலி என்று சொல்லிவைத்திருக்கிறேன். மருத்துவ அறைக்கு அன்று நான் வேண்டுமென்றேதான் போகவில்லை. நீ இரண்டாவது தடவை ஒரு வரி எழுதச் சொன்னாயே, அப்போதும் பேனாவை எடுத்தேன். வைத்துவிட்டேன். கோப்பை வாங்கிய மாமா என்று நீ முதலாளியிடம் சொல்லியிருந்தாய்.

அன்று காலையில் உன் கடை வாசலில் அந்த வண்டியில் ஏறி உட்கார்ந்தேன். நூலகரும் கணக்கு வாத்தியாரும் பக்கத்திலேயே நின்றார்கள். நீ சக்கரத்தருகே குனிந்தாய். எனக்கு வேர்த்துவிட்டது. நீ நிமிர்ந்து, "சரியா இருக்கு மாமா"ன்னு சொன்னாய். தப்பித்தேன் என்று மூச்சு விட்டேன். பிறகு அந்தப் பாறைப் படியில் ஷாக் முட்டி நின்றது, நான் நிற்கவில்லை.

கீழே கொண்டுவந்து உன் கடையில் உட்காரவைத்திருந்தபோது உன் முதலாளி கேட்டார்.

"யார் செட் பண்ணது இதை?"

"நான்தான்."

"என்ன வெயிட்டுக்கு?"

நீ என்னை ஒரு தடவை பார்த்தாய். நூலகரும் கணக்கு வாத்தியாரும் என்னோடு அதே பெஞ்சில் இருந்தார்கள்.

"கேக்காம வெச்சிட்டேன்"னு சொன்னாய். அவர் உன் கையிலிருந்த பம்பை வாங்கி ஆணியில் மாட்டினார். நான் என் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலி தாங்க முடியாதவன் மாதிரி முனகக்கூடச் செய்தேன். அவ்வளவு வலிக்கவில்லை, மாப்பிள்ளை.

வீட்டுக்கு வந்தும் வாயைத் திறக்கவில்லை. உன் அக்கா உன்னைத் திட்டி எழுதியதைத் தடுக்காமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அதை நினைத்தால்தான் இப்போது கூசுகிறது. விழுந்தது எல்லாம் ஒன்றுமில்லை.

உன் முதலாளிக்கும் என் சரியான எடையைச் சொல்லித் தனியாக ஒரு கடிதம் எழுதியாகிவிட்டது, இதோடு தபாலில் சேர்க்கிறோம். திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. நூலகரிடமும் கணக்கு வாத்தியாரிடமும் நானே சொல்கிறேன். உன் அக்கா இப்போது பேனாவை அழுத்தி அழுத்தி எழுதுகிறாள். எழுதி முடித்ததும் பேசுவாள், எனக்குத் தெரியும்.

மாமா


ஜூன் 20

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்றே முதலாளிக்கும் வந்துவிட்டது. கழுவிக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டார். ஈரக் கையோடு போய் நின்றேன். கடிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு, "இதை ஏன்டா அன்னிக்கே சொல்லலை?"ன்னு கேட்டார். அவர் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை. ஆணியிலிருந்து பம்பை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

நீட்டியவர் ஒன்று கேட்டார். "ஏறி உட்கார வெச்சுப் பார்த்தியே, அப்போ தெரியலையா?"

உங்களுக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது மாமா. முன் ஷாக்கின் குழாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். ஆள் ஏறி உட்கார்ந்தால் எவ்வளவு அமுங்கியது என்று அது காட்டிவிடும். அன்று நான் குனிந்து பார்த்தபோது அது எங்கே இருக்கக் கூடாதோ அங்கே இருந்தது. எழுபத்தெட்டு இல்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. வாயைத் திறக்காமல் இன்னும் கொஞ்சம் காற்றை ஏற்றியிருக்கலாம். ஆனால் பம்பை மாட்டினாலே பக்கத்தில் நின்ற அந்த இரண்டு பேரும் ஏன் என்று கேட்பார்கள், உங்கள் முகம் என்ன ஆகுமோ என்று நினைத்தேன். சரியா இருக்கு என்று சொல்லிவிட்டேன். பாறைப் படி இருக்கிற தடத்துக்கு, தெரிந்தே, உங்களை வேனில் ஏற்றிவிட்டேன். வேன் திரும்பி வருகிறவரை எனக்கு வேறு வண்டியில் கை ஓடவில்லை.

தெரியவில்லை என்று முதலாளியிடம் சொல்லியிருந்தால் பம்பு என் கைக்கு வந்திருக்கும். உங்கள் கடிதம் என் சட்டைப் பையில் இருந்தது. அதை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "தெரிஞ்சுது"ன்னு சொன்னேன். அவர் பம்பைத் திரும்ப ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விட்டார்.

இன்னும் வண்டிதான் கழுவுகிறேன். அதற்கு இனி நீங்கள் காரணம் இல்லை. அக்கா அன்று என்னைத் திட்டி எழுதியது சரிதான், திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்தக் கடிதத்தை அவளே உங்களுக்குப் படித்துக் காட்டட்டும்.

உங்கள் மாப்பிள்ளை