காமாக் கதிருக்கு என்ன மருந்து

இன்று வகுப்பில், பட்டாசுக்குப் பேர்போன எம்.புதுப்பட்டியிலிருந்து வரும் பெண் ஒருத்தி எழுந்து, "மேடம், அந்த காமாக் கதிருக்கு என்ன மருந்து?" என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நான் பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். உங்கள் நினைப்புதான்.

என்னைப் பெண் பார்க்கக் காரியாபட்டிக்கு வந்த அன்று நீங்கள் கேட்டதும் இதைத்தான். வெகு தொலைவிலிருந்து காமாக் கதிர் வீசும் குவேசார்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறேன் என்றதும் உங்கள் அத்தை, "கல்யாணத்துக்கு அப்புறம் அதெல்லாம் எதுக்குத்தா?" என்றார்கள். படிப்பை விடச் சொன்னால் இந்தச் சம்பந்தமே வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லியிருந்தேன். அத்தை கேட்டதும் அப்பாவைத் திரும்பிப் பார்த்தேன். அப்போது காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு நீங்கள் கேட்டீர்கள்: "அம்புட்டுத் தூரத்துக்குத் தெரியணும்னா என்ன மருந்து போட்டிருக்கும்?"

தாயில்பட்டியில் பட்டாசு கம்பெனி நடத்துகிறவர் வேறு எப்படிக் கேட்பார்? வெடிமருந்தில் பச்சை வெளிச்சத்துக்குப் பேரியம், சிவப்புக்கு ஸ்ட்ரான்சியம். மருந்தில்லாமல் வெளிச்சம் ஏது?

மருந்தே கிடையாது என்றேன். குவேசாரின் நடுவில் ஒரு பெரும் கருந்துளை. அதை நோக்கி விழும் பொருளில் கொஞ்சம், ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் தாரையாகப் பீய்ச்சியடிக்கும். தாரையில் ஓடும் எலக்ட்ரான்கள் சாதாரண வெளிச்சத்தோடு மோதித் தங்கள் ஆற்றலைக் கொடுத்துவிடும். அந்த வெளிச்சமே காமாக் கதிராகிறது. தாரை நம்மைப் பார்த்து வந்தால் பிரகாசம் பல மடங்கு.

"எதுக்க நின்னா பாக்கீக? ராக்கெட்டுன்னா ஒதுங்கில்லா நிக்கணும்" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள், நீங்கள் சிரிக்கவில்லை. "சரி, அந்த மோதல் எங்கன நடக்குது? தாரையோட அடியிலயா, தள்ளியா?"

"அது இன்னும் யாருக்கும் உறுதியாத் தெரியல."

"அப்ப கல்யாணத்துக்கு அப்புறமும் இவுக தேடணும்ல, அத்தை" என்று சொல்லிவிட்டு மிக்சரை அள்ளினீர்கள். தட்டு காலியாவதற்குள் அப்பாவிடம் சம்மதம் சொல்லிவிட்டேன்.

அதன்பின் நான் எந்தக் கருத்தரங்குக்குப் போய்விட்டு வந்தாலும் வாசலிலேயே கேட்பீர்கள், "எங்கனன்னு தெரிஞ்சிருச்சா?" ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கும்போதும் கேட்டீர்கள். அன்று எனக்குக் கோபமாக வந்தது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. நாம் சந்தோஷமாகத்தான் இருந்திருக்கிறோம். நீங்கள் போனபின் வீட்டு வாசலில் அதைக் கேட்க ஆளில்லை, அவ்வளவுதான்.

இன்று வகுப்பில் சிரிப்பு அடங்கியதும் அந்தப் பெண்ணுக்குக் கருந்துளை, தாரை, மோதல் எல்லாம் சொன்னேன். உட்காரப் போனவள் மறுபடி எழுந்தாள்.

"அந்த மோதல் எங்கன மேடம் நடக்குது?"

"இன்னும் தெரியலத்தா. தேடிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றேன். உங்களுக்கும் அதுதான் பதில்.